லைட்னிங் பிக்கப்: சூப்பர்சார்ஜருக்குக் குளிர்ந்த காற்றைக் கொண்டுபோகும் வழி

1999 முதல் 2004 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 எஸ்விடி லைட்னிங்கில் 5.4 லிட்டர் வி8 எஞ்சின், அதன் தலையில் ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி). காற்று முதலில் ஏர் ஃபில்டரில் நுழையும். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார், குழாய், மிதிக்கேற்பக் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் பாடி எல்லாம் தாண்டித்தான் சூப்பர்சார்ஜருக்குப் போகும். நாம் கை வைக்கப்போவது த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள பகுதியில் மட்டும்.

சூப்பர்சார்ஜர் தனக்குக் கிடைத்த காற்றைத்தான் பெருக்கித் தரும். இந்த வண்டியில் பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் கூட்டும் அழுத்தம், சுமார் 8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). கடல் மட்டத்தில் 14.7 உள்ளே போய் 22.7 ஆக வெளியே வருகிறது, அதாவது ஒன்றரை மடங்கு. ஆகவே வாயிலில் 1 பிஎஸ்ஐ குறைந்தால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் ஒன்றரை பிஎஸ்ஐ போச்சு. சூடும் அப்படித்தான். 25 டிகிரி செல்சியஸ் காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்று வந்தால் பத்தில் ஒரு பங்கு காற்று குறைந்துவிடும்.

படி 1: அளந்து பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஓபிடி-2 ஸ்கேனரை (வண்டியின் கணினி தரும் அளவுகளைப் படிக்கும் கருவி) மாட்டி, சீரான வேகத்தில் ஓட்டி, உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை வெளி வெப்பத்தோடு ஒப்பிடுங்கள். சிக்னலில் நிற்கும்போது ஏறுவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஓடும்போதே பெரிய வித்தியாசம் இருந்தால் எஞ்சின் அறையின் சூட்டைத்தான் இழுக்கிறது.

அடைப்பைப் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைப் பலகையில் யு வடிவில் கட்டி, பாதிவரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை த்ராட்டிலுக்குச் சற்று முன்னால் குழாயில், மறுமுனை திறந்தபடி. முழு த்ராட்டிலில் இரு பக்கத் தண்ணீருக்கும் 70 செ.மீ. உயர வித்தியாசம் வந்தால் அது 1 பிஎஸ்ஐ. டியூபின் கைகள் ஒரு மீட்டருக்காவது இருக்கட்டும். குட்டையாக இருந்தால் அந்தத் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும். ரேஸ் டிராக்கிலோ டைனோவிலோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் மேடை) செய்யுங்கள், அளவை இன்னொருவர் பார்க்கட்டும். பிறகு முனையை ஃபில்டருக்கு அடுத்து மாற்றினால் அடைப்பு ஃபில்டரிலா குழாயிலா என்று தெரிந்துவிடும்.

படி 2: காற்று எங்கிருந்து?

பானெட்டுக்கு அடியில் பளபளவென்று மாட்டும் திறந்த கூம்பு ஃபில்டர் சத்தம் நன்றாகப் போடும், அவ்வளவுதான். ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்றைத்தான் அது குடிக்கிறது. பெரிய ஃபில்டர் போடுங்கள், ஆனால் அலுமினியத் தகட்டில் பெட்டி கட்டி, மேல் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டி, பானெட் மூடும்போது அது அழுந்தும்படி செய்யுங்கள். காற்றை முன் கிரில்லின் பின்னாலிருந்தோ ஃபெண்டருக்குள்ளிருந்தோ எடுக்கலாம். பம்பருக்குக் கீழே மட்டும் வேண்டாம். தேங்கிய மழைநீரை உறிஞ்சினால், தண்ணீரை அமுக்க முடியாததால் கனெக்டிங் ராடு வளையும்.

படி 3: குழாய்

மடிப்பு மடிப்பான நெளி ஹோஸைத் தூக்கி எறியுங்கள். வளைவில் சப்பையாகாத குழாய், அகலமான வளைவு, த்ராட்டில் வாயைவிடச் சிறுக்காத விட்டம் போதும். இணைப்புக்குத் தடித்த சிலிக்கான் ஹோஸ். மெல்லியது உறிஞ்சலில் உள்ளே ஒட்டிக்கொள்ளும். சென்சாருக்கு முன் கொஞ்சமாவது நேரான ஓட்டம் விடுங்கள், வளைவு ஒட்டினால் அளவு தடுமாறும். சென்சார் கூட்டின் விட்டத்தைப் பெரிதாக்கினால் எஞ்சின் கணினிக்குத் தப்புக் கணக்கு போய்ப் பெட்ரோல் குறையும். ட்யூன் (கணினியில் பதிந்த பெட்ரோல் கணக்கு) மாற்றாமல் அதைத் தொடாதீர்கள். எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டர் போடுகிறவர்கள் அளவோடு தடவுங்கள், சென்சார் கம்பியில் படியும்.

படி 4: கசிவு பார்த்த பிறகே மிதி

கழற்றிய பிசிவி ஹோஸை (எஞ்சினின் உள்ளறை ஆவிக்கான குழாய்) திரும்ப மாட்டியாயிற்றா, அளக்கப் போட்ட துளையை அடைத்தாயிற்றா என்று பாருங்கள். சென்சாருக்குப் பின் கசிந்தால் அளக்காத காற்றும் தூசியும் நுழையும். தூசி சூப்பர்சார்ஜரின் ரோட்டரைக் கீறும். ஐடிலில் ஃபியூயல் ட்ரிம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம், ஸ்கேனரில் தெரியும்) முன்பைவிட மேலேறினால் கிளாம்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பூஸ்டில் பெட்ரோல் குறைந்தால் நாக்கிங் (சிலிண்டருக்குள் தானாக நிகழும் வெடிப்பு) வந்து பிஸ்டன் உடையும். அதனால் வைட்பேண்ட் (புகையிலிருந்து காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் சென்சார்) அளவு சரியாக வந்த பிறகே முழு மிதி. அப்புறம் படி 1-ஐ அதே டியூபோடு மறுபடி செய்யுங்கள். சில நாள் சூடேறி ஆறியதும் கிளாம்புகளை இன்னொரு திருகு இறுக்கிவிடுங்கள்.