எத்தியோப்பியக் குடும்ப உணவகத்தில் சாப்பிடுவது எப்படி: மதுரையிலிருந்து புறப்படுவோருக்கு

பிள்ளைகளைப் பார்க்க மதுரையிலிருந்து வாஷிங்டனுக்கோ லண்டனுக்கோ துபாய்க்கோ போகும் பெற்றோரும், எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தப் போகும் ஆசிரியர்களும், ஒரு வேளையாவது எத்தியோப்பியக் குடும்பம் நடத்தும் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று விரும்புகிறேன். கையால் சாப்பிட்டும், காரத்துக்கும் பருப்புக்கும் பழகியும் வளர்ந்த நமக்கு அந்தச் சமையல் எளிதில் பிடித்துவிடும். ஒரே தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து அதிலிருந்தே எடுத்துச் சாப்பிடும் அவர்களுடைய வழக்கம்தான் நம் வீட்டுப் பெரியவர்களைத் தயங்க வைக்கிறது. முறை தெரிந்தால் அந்தத் தயக்கம் பெருமளவு நீங்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

1974ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறிய எத்தியோப்பியர்களில் பலர் வாஷிங்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் குடியேறினார்கள். ஆடம்ஸ் மோர்கன், யூ தெரு, சில்வர் ஸ்பிரிங் ஆகிய பகுதிகளில் அவர்களுடைய உணவகங்கள் நிறைய உண்டு. அவற்றில் சிறியவற்றைத் தேடிப் போங்கள். அம்மா சமைக்க, மகளோ மகனோ பரிமாறும் கடைகளில்தான் இந்த உணவின் நிதானம் தெரியும்.

அந்த நிதானத்துக்கு முதலிலேயே மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். மதுரை மெஸ்ஸில் உட்கார்ந்ததும் இலை விழும், அடுத்த நிமிடம் குழம்பு வரும். இங்கே அப்படி நடக்காது. தோரோ வொட் என்னும் கோழிக் குழம்புக்கு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெய் ஊற்றாமலேயே வெகுநேரம் வதக்கி, பிறகு நித்தர் கிபே என்னும் மசாலா நெய்யும் பெர்பெரே என்னும் மிளகாய்ப் பொடியும் சேர்த்து, கோழியையும் முழு அவித்த முட்டைகளையும் போட்டு மெல்லக் கொதிக்க விடுவார்கள். எனவே தோரோ வொட் வேண்டுமென்றாலும், காப்பிச் சடங்கு பார்க்க வேண்டுமென்றாலும், முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இவ்வளவு வசதியான அயல்நாட்டுச் சமையல் வேறு அதிகம் இல்லை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய 55 நாட்களிலும், வேறு சில காலங்களிலும் நோன்பிருக்கிறார்கள்; அந்நாட்களில் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதையும் தொடுவதில்லை. அதற்கென்றே வளர்ந்த சமையலை ‘ட்சோம்’ உணவு என்பார்கள். ‘யெட்சோம் பெயாய்நெட்டு’ என்று கேட்டால், பல வகைப் பருப்பும் காயும் கீரையும் ஒரே தட்டில் வரும். பெர்பெரே சேர்த்த சிவந்த மிசிர் வொட் என்னும் பருப்புக் குழம்பு, மஞ்சள் சேர்த்துக் காரமில்லாமல் செய்த கிக் அலிச்சா என்னும் பட்டாணிப் பருப்புக் குழம்பு, கோசும் உருளைக்கிழங்கும் கேரட்டும் சேர்ந்த டிக்கில் கோமென், கீரையில் செய்த கோமென் ஆகியவை வழக்கமாக அதில் இருக்கும். கடலை மாவில் செய்யும் ஷிரோ சில கடைகளில் மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வரும், அதை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான கடைகளில் இந்தத் தட்டு எல்லா நாளும் கிடைத்தாலும், புதனிலும் வெள்ளியிலும் இதைக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் அந்த நாட்களில் போவதையே பரிந்துரைப்பேன். வெள்ளிக்கிழமை கவுச்சி சேர்க்காத நம் வீடுகளுக்கும் அது பொருந்தும். ஆனால் வெங்காயமும் பூண்டும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். அமாவாசை, விரத நாட்களில் அவற்றைத் தவிர்ப்பவர்கள் வேறொரு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நோன்புத் தட்டில் மீன் சேர்க்கும் கடைகளும் உண்டு என்பதால், “மீன் இருக்கிறதா?” என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ‘சிகா அல்பெலாம்’ என்றால் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று புரிந்துகொள்வார்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ‘சிகா’ என்று மட்டும் பட்டியலில் இருந்தால் அது பெரும்பாலும் மாட்டிறைச்சி. ஆட்டுக்கறி வேண்டுமென்றால் ‘பெக்’ என்னும் சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது, கிட்ஃபோ என்பது கொத்திய பச்சை மாட்டிறைச்சியில் நெய்யும் மிட்மிட்டா என்னும் கடுங்காரப் பொடியும் கலந்தது. அதை அரைகுறையாகச் சூடு காட்டித் தரச் சொல்லி ‘லெப் லெப்’ என்று கேட்பது உண்டு. வயிறு பழகாத பெரியவர்கள் அதையும் தவிர்த்து, டிப்ஸ் என்னும் நன்றாக வதக்கிய இறைச்சித் துண்டுகளை வாங்கிக்கொள்வதே சரி.

தட்டு வந்ததும், பெரிய இஞ்செரா ஒன்று விரிந்திருக்க, அதன்மேல் குழம்புகள் சிறு குவியல்களாக இருப்பதைப் பார்ப்பீர்கள். இஞ்செரா என்பது டெஃப் என்னும் மிகச் சிறிய தானியத்தின் மாவைக் கரைத்து, சில நாட்கள் புளிக்க வைத்து, ஒரு புறம் மட்டும் வேக விட்டு எடுப்பது. கண் கண்ணாக மேற்புறம் திறந்திருக்கும் நம் ஆப்பத்தை நினைத்துக்கொண்டால் தோற்றம் பிடிபடும். புளிப்பு மட்டும் அதைவிட நன்றாகத் தூக்கலாக இருக்கும். வெளிநாட்டுக் கடைகளில் கோதுமை, பார்லி மாவு கலப்பது உண்டு. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் முழு டெஃப் இஞ்செரா இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

கையைக் கழுவிவிட்டு, வலக்கையால் மட்டும் சாப்பிட வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. புதிது என்னவென்றால், விரலில் குழம்பு படக்கூடாது. சோற்றில் குழம்பை ஊற்றி ஐந்து விரலாலும் பிசைந்து பழகிய கைக்கு இது முதலில் சிரமம்தான். பக்கத்தில் சுருட்டி வைத்திருக்கும் இஞ்செராவிலிருந்து உள்ளங்கையில் பாதி அளவுக்குக் கிழித்து, அதைக் குழம்பின்மேல் கவிழ்த்துப் போர்த்தி, விரல்களால் சேர்த்துப் பிடித்து, ஒரே வாயாகப் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துவிட்டு மீதியைத் தட்டில் வைப்பதும், விரலை நக்குவதும், எதிரில் இருப்பவர் பக்கம் கையை நீட்டுவதும் கூடாது. சுருள்கள் தீர்ந்ததும் தட்டின் விளிம்பிலிருந்து கிழித்துக்கொண்டே உள்ளே வரலாம். குழம்பெல்லாம் ஊறிப்போன அடி இஞ்செராதான் இந்தச் சாப்பாட்டின் மிகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து. அதற்கு வயிற்றில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சில் என்னும் கேள்விக்கு விடை இந்த முறையிலேயே இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் முன்னால் இருக்கும் பகுதியிலிருந்து எடுக்கிறார்கள். எடுத்த துண்டு திரும்பத் தட்டுக்கு வருவதில்லை. விரல் குழம்பைத் தொடுவதில்லை. அப்படியும் அம்மாவுக்கோ மாமனாருக்கோ மனம் ஒப்பவில்லை என்றால், கட்டாயப்படுத்தாமல், அவர்களுக்குத் தனித் தட்டு கேட்டு வாங்கிக் கொடுங்கள். சைவமும் அசைவமும் சேர்ந்து வரும் குடும்பமும் இரண்டு தட்டாகக் கேட்பதே நல்லது. ஒரே இஞ்செராவில் குழம்புகள் ஒன்றோடொன்று ஓடிவிடும்.

குர்ஷா என்றொரு வழக்கம் உண்டு. அன்பின் அடையாளமாக ஒருவர் ஒரு வாய் சுருட்டி இன்னொருவருக்கு ஊட்டுவது அது. வீட்டுக்காரரே வந்து ஊட்டினாலும் வியக்க வேண்டாம். வாயை நன்றாகத் திறந்து முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள். இயலாதவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சிரித்த முகத்தோடு மறுக்கலாம். பேரப்பிள்ளை தாத்தாவுக்கு ஊட்ட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

காப்பிச் சடங்குக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, அந்தப் புகையை விருந்தினர் முகர்ந்து பார்க்கக் கொண்டுவந்து காட்டி, இடித்து, ஜெபெனா என்னும் மண்குடுவையில் கொதிக்க வைத்து, பிடியில்லாத சிறு கிண்ணங்களில் ஊற்றித் தருவார்கள். கூடவே சாம்பிராணிப் புகையும் பொரித்த சோளமும் வரும். பால் கேட்காமல், சர்க்கரையோடு அப்படியே குடித்துப் பாருங்கள்; அடியில் தங்கும் வண்டலைக் கிண்ணத்திலேயே விட்டுவிடலாம். அதே தூளில் மீண்டும் நீர் ஊற்றி அபோல், தோனா, பரக்கா என்று மூன்று சுற்று தருவார்கள். மூன்றாவது சுற்று ஆசியாகக் கருதப்படுவதால் அதற்கு முன் எழுந்துவிடாதீர்கள். இரவில் தூக்கம் கெடும் என்று அஞ்சுகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போவதே நல்லது.

அமெரிக்காவில் என்றால் பில் தொகையில் 15 முதல் 20 சதவீதம் வரை பரிமாறியவருக்கு வைப்பது வழக்கம். கிளம்பும்போது அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்து, சமைத்தவரிடம் ‘அமெசெகினாலெஹு’ என்று நன்றி சொல்லுங்கள். மிஞ்சிய இஞ்செராவையும் குழம்பையும் கட்டித் தரச் சொல்லலாம். மறுநாள் காலையில் குழம்பைச் சூடாக்கி, இஞ்செராவைச் சிறு துண்டுகளாகக் கிழித்துப் போட்டுப் புரட்டினால் ஃபிர்ஃபிர் தயார். எத்தியோப்பிய வீடுகளில் அதுதான் காலைப் பலகாரம்.