தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஜோபர்க் (ஜோஹானஸ்பர்க்) ஏறும் வண்டி ஏன் கொதிக்கிறது? கிளம்பும் முன் எதைப் பார்ப்பது?

பெருவெள்ளிக்கு டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோவிலுக்கு ஜோபர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து இறங்கி வருகிற வண்டிகள் வரும்போது அவ்வளவாகச் சூடாவதில்லை. திரும்பும்போதுதான் கொதிக்கின்றன. ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, வரிசை வரிசையாக லாரி, கடல் மட்டத்திலிருந்து 1,750 மீட்டர் வரை ஏற்றம். மலைதான் வண்டியைக் கெடுத்தது என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் பழுது வீட்டு வாசலிலேயே இருந்திருக்கும். மலை அதை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

முதலில் சூடு எங்கே போகிறது என்று பார்ப்போம். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் எரியும்போது வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். எரிந்த பெட்ரோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். மீதியைத் தண்ணீர்தான் சுமந்து வெளியே தள்ள வேண்டும். வாட்டர் பம்ப் தண்ணீரை இன்ஜினைச் சுற்றி ஓட்டுகிறது, தெர்மோஸ்டாட் என்ற வால்வு சூடேறியதும் வழி திறக்கிறது, ரேடியேட்டர் சூட்டைக் காற்றில் விடுகிறது. சமவெளியில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இன்ஜின் தன் பலத்தில் கொஞ்சம்தான் செலவழிக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுமார் 600 மீட்டரில் இருக்கிறது, டவுன் ஹில் (Town Hill) என்ற மலைச்சாலை ஏறி முடிந்தால் ஹில்டன் சுமார் 1,100 மீட்டர். அந்த ஏற்றத்தில் ஆக்சிலரேட்டர் முழுக்க அழுந்தியிருக்கும், சூடு பல மடங்கு வரும். பாதி அடைத்துப்போன ரேடியேட்டர் ஊருக்குள் ஓடும்வரை சமாளிக்கும். இங்கே சமாளிக்காது.

உயரம் இன்னும் இரண்டு தொல்லை தருகிறது. வான் ரீனன் கணவாய் சுமார் 1,680 மீட்டர். அங்கே காற்று கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெல்லியது. டர்போ இல்லாத இன்ஜினின் பலம் ஏறக்குறைய அதே அளவு குறையும், ரேடியேட்டர் வழியாகப் போகும் காற்றும் அதே அளவு குறையும். அடுத்தது, வெறும் தண்ணீர் டர்பனில் 100 டிகிரியில் கொதிக்கும், கணவாயில் 95 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். நல்ல இன்ஜினே 90க்கும் 105க்கும் இடையில்தான் ஓடுகிறது. அப்படியானால் எல்லா வண்டியும் ஏன் கொதிப்பதில்லை? மூடிதான் காரணம்.

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைக்கக் கூடாது, அது ஒரு வால்வு. பிரஷர் குக்கரின் வெயிட் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது. ஜப்பான் வண்டிகளில் மேலே 0.9 அல்லது 1.1 என்று அது பிடிக்கும் அழுத்தம் எழுதியிருக்கும். ஃபோக்ஸ்வேகனின் உருண்டைத் தொட்டி மூடி அதைவிட அதிக அழுத்தம் பிடிக்கும். 0.9 மூடி சரியாக இருந்தால் கணவாயின் உச்சியிலும் வெறும் தண்ணீர் 115 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் (தண்ணீர் எளிதில் கொதிக்காமலும் உறையாமலும் காக்கும் திரவம்) கலந்திருந்தால் இன்னும் ஏழெட்டு டிகிரி கூடுதல் தாங்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி என்றால் இந்தக் கணக்கு முழுவதும் போச்சு. ஆகவே முதல் சோதனை மூடிதான், அதுவும் இன்ஜின் ஆறிய பிறகு. கீழே இருக்கும் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ, கழுத்து அழுந்திய ஆழமான தழும்போ இருந்தால் மாற்றுங்கள். நடுவில் சட்டைப் பொத்தான் போல ஒரு சின்ன வால்வு இருக்கும். நகத்தால் இழுத்தால் வந்து, விட்டதும் திரும்ப ஒட்டிக்கொள்ள வேண்டும். அது அடைத்துக்கொண்டால் சூட்டில் பக்கத்துத் தொட்டிக்கு வழிந்த தண்ணீர் இன்ஜின் ஆறும்போது திரும்பி வராது. காலையில் பானட்டைத் திறந்தால் மேல் ஹோஸ் உறிஞ்சிய ஸ்ட்ரா போலச் சப்பையாகக் கிடக்கும். அந்த ஹோஸைப் பார்த்ததும் ஹோஸை மாற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மாற்ற வேண்டியது மூடியை. வாங்கும்போது அதே எண் உள்ளதையே கேளுங்கள். அதிக எண் போட்டால் நல்லது என்று நினைத்துப் போட்டால், பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலைப்பு விரிசல் விடும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். சூடான ஊர், இது எதற்கு என்று கழற்றி எறிகிற பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. செய்யாதீர்கள். அது இல்லாமல் ஊருக்குள் ஓடும்போது இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. பெட்ரோல் அதிகம் குடிக்கும், எண்ணெய் கசடாகும், சிலிண்டர் சுவர் தேயும். பைபாஸ் வழியையும் தெர்மோஸ்டாட்டே மூடுகிற இன்ஜின்களில் விஷயம் இன்னும் மோசம். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆற வேண்டிய வண்டி ஏற்றத்தில் கொதிக்கும்.

சோதிப்பது சுலபம், சமையலறையிலேயே செய்யலாம். தெர்மோஸ்டாட்டின் வாயில் ஒரு நூலைச் செருகி, அது நூலைக் கவ்வியபடி தொங்கட்டும். பழைய சட்டியில் தண்ணீர் ஊற்றி, அடியைத் தொடாமல் அதை உள்ளே இறக்குங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானி. தட்டின் மேல் 82 அல்லது 87 என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின்னாக வாய் திறந்து நூலை விட்டு, தெர்மோஸ்டாட் சட்டிக்குள் விழ வேண்டும். இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறும்போது எட்டு மில்லிமீட்டர் அளவுக்குத் திறந்திருக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதும் பாதிதான் திறந்தது என்றால் ஊருக்குள் அது காட்டிக்கொடுக்காது, மலையில் காட்டிக்கொடுக்கும். திரும்ப மாட்டும்போது விளிம்பில் ஆடுகிற சின்ன ஊசி மேல்பக்கம் இருக்கட்டும், காற்று வெளியேறும் வழி அது. சட்டியை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

ரேடியேட்டரில் கடற்கரை வண்டிக்கென்றே இரண்டு நோய்கள். ஒன்று உப்புக் காற்று. அலுமினியத் தகடுகளை விரல் நுனியால் மெல்ல வருடிப் பாருங்கள். வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் குழாயில் தண்ணீர் இருந்தும் சூட்டை வாங்கிக்கொள்ள அதற்குத் தகடே இல்லை, மாற்றத்தான் வேண்டும். இன்னொன்று கரும்பு. வடகடற்கரையில் அறுவடைக்கு முன் தோட்டத்துக்குத் தீ வைக்கும் மாதங்களில் பறக்கிற கருஞ்சாம்பலும் சோகையும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் விரல் அகல இடைவெளியில் போய் அடையும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும். பின்னால் கம்பளி விரித்தது போல அடைசல். மேல் பிடிப்புகளைக் கழற்றி ரேடியேட்டரை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாதாரண தோட்டக் குழாயால் தண்ணீர் விடுங்கள். ஹை பிரஷர் துப்பாக்கி வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும்.

ஃபேனையும் மறக்க வேண்டாம். டர்பன்-ஜோபர்க் நெடுஞ்சாலையான என்3இல் 100இல் ஓடும்போது அது தேவையே இல்லை. டுகெலா டோல் தாண்டி, கணவாயில் லாரிக்குப் பின்னால் 30இல் ஊரும்போது அது ஒன்றுதான் துணை. வண்டியை நிறுத்தி, இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, ஏசி போடாமல் காத்திருங்கள். 95க்கும் 102க்கும் இடையில் ஃபேன் சுற்றி, சில நிமிடத்தில் நிற்க வேண்டும். ஏசி போட்டால் மட்டும் சுற்றுகிறது என்றால் சென்சரோ ரிலேயோ போயிருக்கிறது.

கூலன்ட் மாற்றுவதில் எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. சின்ன கார்களில் மொத்தம் ஐந்து ஐந்தரை லிட்டர் கொள்ளும். கீழ்க் குழாயைத் திறந்தால் பாதிதான் இறங்கும், மீதி இன்ஜின் பிளாக்குக்குள் தங்கிவிடும். நன்றாக அலசிவிட்டு, கடையில் வாங்கிய பாதிக்குப் பாதி கலவையை ஊற்றினால் உள்ளே தங்கிய அலசு தண்ணீரோடு சேர்ந்து கால் பங்குக் கூலன்டாக இளகிவிடும். அதனால் கலக்காத கூலன்டை வாங்குங்கள். மொத்தக் கொள்ளளவு 5.5 லிட்டர் என்றால் முதலில் 2.75 லிட்டர் அதை ஊற்றி, மீதியை டிஸ்டில்ட் தண்ணீரால் நிரப்புங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படியும். கூடப் போட்டால் கூட நன்மை என்றும் நினைக்க வேண்டாம். கூலன்ட் தண்ணீரைவிட மட்டமாகவே சூட்டைச் சுமக்கும், 60 சதவீதத்தைத் தாண்டினால் பலன் குறையும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பச்சை, இளஞ்சிவப்பு எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவலில் போட்டிருக்கும் வகையைப் பாருங்கள். வடித்த பழைய கூலன்ட் இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும். வாளியை முற்றத்தில் விட்டுவிட வேண்டாம்.

டர்பன் வெயிலில் கூலன்ட் எதற்கு, தண்ணீரே போதும் என்பவர்கள் இங்கே குளிர்காலமான ஜூலையில், கணவாய் தாண்டிய ஹாரிஸ்மித்தில் ஓர் இரவு தங்கட்டும். பிளாக்குக்குள் தண்ணீர் உறைந்தால் இரும்பையே பிளக்கும். 2024 செப்டம்பரில் பனி கொட்டி வான் ரீனனில் என்3 மூடப்பட்டபோது வண்டிகள் இரவு முழுவதும் சாலையிலேயே நின்றன.

நிரப்பியதும் காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டியின் முன்பக்கம் மேடாக நிற்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்றுத் திருகு இருந்தால் குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை திறந்து வைத்து மூடுங்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை ஓடட்டும். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. மறுநாள் காலை ஆறியபின் மட்டத்தைப் பார்த்து ஊற்றுங்கள்.

டாஷ்போர்டு முள்ளை நம்புவதிலும் அளவு வேண்டும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் 75இலிருந்து 105 வரை எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். முள் நகர்ந்தால் ஏற்கெனவே தாமதம். அதைவிட ஏமாற்று வேலை, தண்ணீர் முழுக்கக் கசிந்துவிட்டால் சென்சர் காற்றில் தொங்கும், முள் இறங்கும். முள் திடீரென இறங்கி ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் நிம்மதி அடையாமல் உடனே ஓரம் கட்டுங்கள். ஓபிடி துளையில் (வண்டிக் கணினியின் சோதனைத் துளை) செருகுகிற விலை குறைந்த புளூடூத் கருவி ஒன்று உண்மையான டிகிரியைப் போனில் காட்டும். இந்தப் பாதையில் அடிக்கடி போகிறவர்கள் வாங்கிவைக்கலாம்.

ஏற்றத்தில் 110ஐத் தாண்டினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறங்கள். வேர்க்கும், ஆனால் அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். கியரைக் குறைத்து 3,000 சுற்று வாக்கில் வையுங்கள். ஐந்தாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறினால் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். நீராவி தெரிந்தால் எமர்ஜென்சி லேனில் ஒதுங்கி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஆட்களைத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்து, முக்கோணத்தை 45 மீட்டர் பின்னால் வையுங்கள். மூடியை முக்கால் மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். தொட்டால் வெளியே பாய்வது அழுத்தத்தில் இருக்கிற கொதிநீர், முகத்தை வேகவைத்துவிடும். வற்றிய சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் பிளக்கும். ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

ஒருமுறை நன்றாகக் கொதித்த இன்ஜினில் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டை சந்தேகப்பட வேண்டும். ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வருகிறதா? புகை வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வருகிறதா? எண்ணெய் மூடிக்கு அடியில் மயோனைஸ் போல இருந்தால் அது மட்டும் சாட்சியாகாது, கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிற வண்டியிலும் ஈரம் அப்படிச் செய்யும். ஸ்பேர்ஸ் கடையில் நீலத் திரவமுள்ள சோதனைக் குழாய் கிடைக்கும். ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சும்போது நீலம் மஞ்சளானால் எரிந்த வாயு தண்ணீரில் கலக்கிறது, கேஸ்கெட் போயிருக்கிறது.

பெட்ரோல் பற்றி ஒரு சிறு விஷயம். ஜோபர்க் உயரத்தில் காற்று மெல்லியதால் 93 ஆக்டேன் (தட்டலைத் தாங்கும் எண்) பெட்ரோல் பல வண்டிகளுக்குப் போதும். அதே டேங்கோடு கடற்கரைக்கு வந்து சேரும்போது அழுத்தம் கூடும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் கலகலவென்று தட்டும் சத்தம் கேட்கலாம். மேனுவல் 95 என்றால் கீழே வந்ததும் 95 நிரப்புங்கள். தட்டலும் சூட்டைக் கூட்டும்.

இறக்கத்திலும் கொதிப்பு உண்டு, பிரேக்கில். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், டர்பனில் இதற்குப் பஞ்சமில்லை. புதிய டாட் 4 வகைப் பிரேக் திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஊறியது 155 வாக்கிலேயே கொதிக்கலாம். திரவம் ஆவியானால் பெடல் பஞ்சு போலத் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டவுன் ஹில் இறங்கும்போது எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை விடாமல் தேய்க்காமல், விட்டு விட்டு அழுத்தமாக மிதியுங்கள். பெடல் மெத்தென்று ஆகிவிட்டால் வேகமாக இரண்டு மூன்று முறை பம்ப் செய்து, கியரைக் குறைத்து, முதல் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாகலாம். ஆனாலும் ஊர் சேர்ந்ததும் திரவத்தை மாற்றியே ஆக வேண்டும், அடுத்த முறை இதைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கலாம்.