புனலூரில் இருப்பவரைச் செங்கோட்டையிலிருந்து பதிவு செய்வது எப்படி

செங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துதான் என் பாட்காஸ்டைப் பதிவு செய்கிறேன். பேச வருகிறவர்கள் பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கும் ஆரியங்காவு, தென்மலை, புனலூர்க்காரர்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது. அதனால் இங்கே பல வீடுகளுக்கு அங்கே பெரியப்பா, சித்தி, அத்தை என்று சொந்தம் உண்டு. 1904-ல் வந்த கொல்லம் ரயில் பாதையில் மீட்டர் கேஜ் காலத்தில் வேலை பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் குரல் கெடாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் போன் காலைத்தான் ரெக்கார்ட் செய்தேன். அது சரிப்படவில்லை. சாதாரண வீடியோ காலிலும் அதே கதைதான். குரல் இன்டர்நெட் வழியாக வரும்போது அமுக்கப்பட்டு வருகிறது. சிக்னல் குறைந்தால் பாதி வார்த்தை விழுந்துவிடும், விழுந்தது விழுந்ததுதான்.

ரிவர்சைட், ஸென்காஸ்டர் போன்ற மென்பொருள்கள் வேறு மாதிரி வேலை செய்கின்றன. பேசுகிறவரின் குரல் அவருடைய கணினியிலேயே, அல்லது போனிலேயே, முழுத் தரத்தில் பதிவாகிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி நம் கணக்குக்கு வந்து சேர்கிறது. பேசும்போது நம் காதில் விழுவது ஒன்று, ஃபைலாக வருவது இன்னொன்று. ஒரு தாத்தா கழுதுருட்டிப் பக்கம் இருக்கும் பதிமூணு கண் பாலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு 'பாலம்', 'இருட்டு', 'வெளக்கு' என்று மூன்று சொல்தான் கேட்டது. சாயங்காலம் ஃபைலைத் திறந்தால், கையில் விளக்கோடு அவர் பாலத்தின் மேல் நடந்த கதை ஒரு மூச்சுகூட விடாமல் இருக்கிறது. அன்றைக்குத்தான் இந்த முறையை முழுசாக நம்பினேன். ஆகவே நெட் விட்டு விட்டு வந்தால் பதற வேண்டாம். கேள்வி அவருக்குப் புரிகிற அளவுக்கு லைன் இருந்தால் போதும்.

அதற்குப் பதிலாக, கவலையெல்லாம் அவர் உட்காரும் அறையைப் பற்றி இருக்கட்டும். பேட்டிக்கு முதல் நாள் பத்து நிமிடம் அந்த வீட்டுப் பிள்ளை யாரிடமாவது பேசிவிடுங்கள். பெரியவரிடம் லிங்க், பிரவுசர் என்று ஆரம்பித்தால் அவர் பயந்துவிடுவார். வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்வேன். கூடத்தில் உட்கார வைக்கவே கூடாது. தரையும் சுவரும் வெறுமையாக இருந்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். படுக்கையறைதான் நல்லது. மெத்தை, தலையணை, கொடியில் கிடக்கும் துணி எல்லாம் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். துணி பீரோ இருந்தால் அதைத் திறந்துவைத்து, அடுக்கிய சேலைகளைப் பார்த்தபடி உட்காரச் சொல்லுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் குரல் அவ்வளவு சுத்தமாக விழும். ஃபேனை நிறுத்த வேண்டும். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வேறு அறையில் வைக்க வேண்டும். குக்கரை முன்னாலேயே இறக்கிவிட வேண்டும். தகரக் கூரை வீடு என்றால் சாரல் மாதங்களில் நாளை மாற்றத் தயாராக இருங்கள். தகரத்தில் அடிக்கும் மழையை எடிட்டிங்கில் எடுக்கப் போனால் குரலும் சேர்ந்து போய்விடும்.

இயர்போன் கட்டாயம், அதுவும் வயர் உள்ளது. ஸ்பீக்கரில் கேட்டால் என் கேள்வி அவருடைய மைக்கில் திரும்ப விழும், பிறகு பிரிக்கவே முடியாது. புளூடூத் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். புளூடூத் இயர்போனின் மைக்கைப் பயன்படுத்தியதும் அது போன் பேசும் முறைக்கு மாறிவிடும். எவ்வளவு விலையுள்ள இயர்போனாக இருந்தாலும் குரல் பழைய டெலிபோனில் வருவது போலத்தான் இருக்கும். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் சட்டையில் குத்தும் காலர் மைக் ஒன்று வாங்கி, பேட்டிக்கு முன் பஸ்ஸில் போகிற சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். என்னுடையது இப்படிப் பலமுறை புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டியிருக்கிறது.

வீடியோவும் வேண்டுமென்றால் ஜன்னல் அவர் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். கேமரா கண் உயரத்தில் இருக்க நாலு புத்தகத்தை அடுக்கி அதன் மேல் போனை வைக்கலாம். மற்றபடி குரல் நன்றாக இருந்தால் படம் சுமாராக இருந்தாலும் ஜனங்கள் பார்ப்பார்கள்.

போனில் பதிவு செய்தால், இடையில் கால் வந்தால் பதிவு நின்றுபோகலாம். ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்யச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் கால் வராமலிருக்க நோட்டிஃபிகேஷனையும் அடக்க வேண்டும். போனில் இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் தரத்தில் குரலை அமுக்காமல் சேமிக்கும் வேவ் ஃபைல் ஒரு குரலுக்கு மணிக்குச் சுமார் 350 எம்பி பிடிக்கும், வீடியோ என்றால் இன்னும் பல மடங்கு. கணினி என்றால் குரோமில் சாதாரண விண்டோவிலேயே திறக்கட்டும், மூடியதும் எல்லாம் அழிந்துபோகும் இன்காக்னிட்டோ விண்டோ வேண்டாம். என் பக்கம் கரண்ட் போகும், அதற்காக ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் மாட்டியிருக்கிறேன்.

சரி, பதிவு தொடங்கியாயிற்று. தாத்தாக்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எம்மா, நான் பேசுதது கேக்கா?" அந்த நேரத்தில் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று பேச்சுக் கொடுத்து, குரல் அளவைப் பாருங்கள். உரக்கப் பேசும்போது மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள் நின்றால் போதும். பேட்டியை வெளியிடச் சம்மதம் என்பதையும் அவர் வாயாலேயே பதிவில் சொல்ல வைக்கிறேன். அப்புறம் அரை நிமிடம் யாரும் பேசாமல் இருக்க வேண்டும். அந்த அறையின் வெறும் சத்தம் பிறகு வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப உதவும்.

அவர் பேசும்போது 'ம்', 'ஆமா' என்று சொல்லாதீர்கள். தலையை ஆட்டினால் போதும். அவர் முடித்த பிறகு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். லைன் தாமதம் ஒரு காரணம். இன்னொன்று, வயதானவர்கள் நிறுத்திவிட்டு, ஒரு மூச்சு விட்டு, அதற்குப் பிறகுதான் உண்மையான விஷயத்தைச் சொல்வார்கள். அவசரப்பட்டு அடுத்த கேள்வி கேட்டு அப்படி எத்தனையோ வாக்கியத்தை நான் தொலைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிதாக ஒன்றையும் தொலைத்தேன். புனலூரில் ஒரு பழைய கேட் கீப்பர், ஒன்றரை மணி நேரம் பேசினார். முடிந்ததும் பேத்தி, "முடிஞ்சிட்டுல்லா அக்கா?" என்று கேட்டாள். நானும் "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள். அப்லோடு முடிந்திருக்கவில்லை. அது மட்டும் என்றால் அதே பிரவுசரில் மறுபடி திறந்து மிச்சத்தை ஏற்றியிருக்கலாம். ஆனால் ராத்திரி லேப்டாப் மெதுவாக இருக்கிறதென்று அவள் பிரவுசரில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். ஏறாமல் மிச்சமிருந்த குரல் அதற்குள்தான் இருந்தது, அதுவும் போயிற்று. பிள்ளை மேல் தப்பில்லை, நான்தான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது முறை பேசும்போது தாத்தாவுக்கு அதே உற்சாகம் வரவில்லை. இப்போது 'முடிந்தது' என்ற சொல்லை, திரையில் அப்லோடு 100 சதவீதம் காட்டும்வரை நான் வாயில் எடுப்பதில்லை. பேட்டியை நிறுத்திய பிறகும் லைனிலேயே இருந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பேன்.

கூடவே, அந்த வீட்டில் இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிடச் சொல்கிறேன். ஆரம்பத்திலும் கடைசியிலும் அவர் ஒரு முறை கை தட்ட வேண்டும். இரண்டு கருவிகளின் கடிகாரமும் இம்மி பிசகாமல் ஒன்றாக ஓடாது, மணிக்கணக்கில் போனால் கொஞ்சம் விலகும். இரண்டு கைத்தட்டலையும் பொருத்தினால் விலகல் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி போதும், இலவசம். வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. ஒவ்வொருவர் குரலும் தனித் தனி டிராக்கில் இருப்பதால் அவர் பேசும்போது என் டிராக்கை அடைத்துவிடலாம். பின்னணி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்ஷனை லேசாகப் போடுங்கள், அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். கடைசியில் ஒலி அளவு ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு), மோனோவுக்கு மைனஸ் 19.

வெளியிடுவதற்கு முன் பேசியவர் வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் இடத்தை வெட்டிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.