டைலேட்டரை உருவும் நொடி: இன்ட்ரோடியூசர் உறைக்குழாய்க்கு வால்வு வடிவமைக்கும் முறை

இருதயக் குழாய்ச் சிகிச்சையில் மருத்துவர் முதலில் இரத்தக்குழாய்க்குள் ஊசியைச் செலுத்துகிறார். ஊசியின் வழியே வழிகாட்டிக் கம்பி உள்ளே போகிறது. பிறகு ஊசியை உருவிவிட்டு, அந்தக் கம்பியின் மேலாகவே, துளையை விரிவாக்கும் கூர்முனைக் குழாயான டைலேட்டரையும், அதன்மேல் பொருந்திய இன்ட்ரோடியூசர் உறைக்குழாயையும் இறக்குகிறார். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் செல்டிங்கர் 1953இல் வெளியிட்ட வழிமுறையிலிருந்து வளர்ந்த பழக்கம் இது. அடுத்து டைலேட்டரும் கம்பியும் வெளியே வருகின்றன; மற்றக் கருவிகள் நுழையும் வழியாக உறைக்குழாய் மட்டும் உள்ளே நிற்கிறது. அந்த நொடியில் நோயாளியின் இரத்தத்துக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே நிற்பது, உறைக்குழாயின் வெளிவாயில் வால்வாக இருக்கும், ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு சிலிகான் வட்டு மட்டுமே. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிப்பை முடித்து, சிங்கப்பூரின் ஜூரோங்கிலோ துவாசிலோ உள்ள மருத்துவக் கருவித் தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் சேரும் இளையர்களுக்கு அந்த வட்டைப் பற்றித்தான் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது வழக்கம்.

வட்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. உள்ளே ஒன்றும் இல்லாதபோது அது முழுமையாக மூடிக்கொள்ள வேண்டும். கம்பியோ, கதீட்டர் எனப்படும் மெல்லிய சிகிச்சைக் குழாயோ நுழைந்திருக்கும்போது அதைச் சுற்றிலும் இடைவெளியின்றித் தழுவிக்கொள்ள வேண்டும். முதல் வேலைக்கு இறுக்கமான, சிறிய பிளவு உகந்தது. இரண்டாவதற்கு நெகிழ்ந்து இடம்கொடுக்கும் வாய் தேவை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது. இதற்குமேல் மூன்றாவதாக, மருத்துவர் கையில் உணரும் உராய்வு இருக்கிறது. வட்டு கதீட்டரை அளவுக்கு மீறிப் பற்றிக்கொண்டால், கதீட்டரை இழுக்கும்போது உறைக்குழாயும் கூடவே நகர்ந்துவிடும். எனவே கணினியில் படம் வரையத் தொடங்குமுன், எந்தக் குழாய்க்கு, எந்த அளவுக் கருவிகளுக்கு, எவ்வளவு அழுத்தத்துக்கு இந்த வால்வு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. இக்குழாய்களை அளக்கும் ‘பிரெஞ்சு’ என்ற அலகில் ஒன்று என்பது மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர். கதீட்டருக்கு அது வெளிவிட்டத்தைக் குறிக்கும். இன்ட்ரோடியூசர் உறைக்குழாய்க்கோ, அதனுள் நுழையக்கூடிய கதீட்டரின் அளவைக் குறிக்கும். ஆகவே 6 பிரெஞ்சு உறைக்குழாயின் வால்வு, 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கதீட்டரையும், 0.035 அங்குலம், அதாவது 0.89 மில்லிமீட்டர் கம்பியையும் ஒரே வாயால் அடைத்துக் காட்ட வேண்டும்.

அழுத்தத்தைப் பொறுத்தவரை, தமனிக்கும் சிரைக்கும் ஒரே வால்வு போதும் என்று எண்ணிவிடாதீர்கள். தமனியில் இரத்தம் வெளியே தள்ளுகிறது. மார்புக்கு அருகிலுள்ள பெருஞ்சிரையிலோ அழுத்தம் மிகக் குறைவு. நோயாளி ஆழமாக மூச்சை இழுக்கும்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே இறங்கிவிடலாம். அப்போது வால்வு சரியாக மூடாவிட்டால் இரத்தம் கசிவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே உறிஞ்சப்படும். அது உயிருக்கே ஆபத்து. வாத்தின் அலகுபோல இரண்டு உதடுகள் நீண்டிருக்கும் வாத்தலகு வால்வைத் தனியாக நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். இரத்தம் வெளியே தள்ளும்போது அதன் உதடுகள் தாமே அழுந்தி மூடிக்கொள்ளும். ஆனால் உள்ளே உறிஞ்சும் காற்றுக்கு அது திறக்கும் திசையிலேயே அமைந்திருக்கிறது. ரப்பரின் சொந்த இறுக்கம் மட்டுமே அங்கே காவல்.

இனிப் பிளவுக்கு வருவோம். புளோக்கின் கீழே பிள்ளைகள் உதைத்து விளையாடும் பந்தில் ஊசியைச் செருகிக் காற்றடித்துவிட்டு எடுத்தால், ரப்பர் தானே மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த ஊசி ஒரே அளவில் நேராக வந்து நேராகப் போகிறது. நம் வட்டிலோ பல அளவுக் கருவிகள் சாய்ந்து நுழைகின்றன. வட்டின் நடுவே சட்டைப் பொத்தான் துளைபோல ஒரு நேர்ப்பிளவு இட்டுப் பாருங்கள். காலியாக இருக்கும்போது நன்றாகவே மூடும். உருண்டையான கதீட்டர் நுழைந்ததும், பிளவின் இரு முனைகளிலும் கண்ணின் ஓரம்போலச் சிறு முக்கோண இடைவெளிகள் தோன்றும். இரத்தம் கசிவது அந்த ஓரங்களில்தான்.

அதற்குள் ஒரு சிறு கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டர் கதீட்டரின் சுற்றளவு 6.28 மில்லிமீட்டர். மையத்திலிருந்து 1 மில்லிமீட்டர் நீளக் கைகள் கொண்ட நேர்ப்பிளவுக்கு, இரு உதடுகளையும் சேர்த்த சுற்றளவு 4 மில்லிமீட்டர். ஆகவே ரப்பர் ஐம்பத்தேழு விழுக்காடு நீள வேண்டும். அதே கைகளை மூன்றாக்கினால் சுற்றளவு 6, நான்காக்கிச் சிலுவைப் பிளவாக்கினால் 8. சிலுவைப் பிளவில் ரப்பர் நீளத் தேவையே இல்லை. அதனால் உராய்வு குறையும், தழுவலும் கூடவே குறையும். மடல்கள் உள்ளே மடிந்து, நடுவில் இடைவெளிகளை விட்டுவிடும். இது தொடக்கக் கணக்குதான், வட்டின் தடிப்பும் ரப்பரின் கடினமும் முடிவை மாற்றும். ஆனாலும் எந்தப் பிளவு இறுகும், எது தளரும் என்பதை அச்சு செய்வதற்கு முன்பே காட்டிவிடும் இக்கணக்கைப் பலர் போடாமலே போவது எனக்கு வருத்தம் தருகிறது.

நான் மிகவும் விரும்பும் அமைப்பு இருமுகப் பிளவு. வட்டின் மேல்முகத்திலிருந்து கிடையாக ஒரு பிளவைப் பாதி ஆழத்தைச் சற்றுத் தாண்டும்வரை இறக்கவும். கீழ்முகத்திலிருந்து அதற்குச் செங்குத்தாக இன்னொன்றை அதே ஆழத்துக்கு ஏற்றவும். இரண்டும் மையத்தில் மட்டுமே சந்திப்பதால், காலியாக இருக்கும்போது ஊடுருவும் வழி ஒரு புள்ளியளவே. கதீட்டர் நுழைந்த பிறகு, மேல்பிளவின் ஓர இடைவெளிகளுக்கு அடியில் கீழ்ப்பகுதியின் முழு ரப்பர் நிற்கிறது. கீழ்ப்பிளவின் ஓரங்களுக்கு மேலே மேற்பகுதி நிற்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று மூடுகிறது. பெரிய விட்டங்களுக்கு இது போதாது. அங்கே கதீட்டரைத் தழுவுவதற்கென்று நடுவில் வட்டத் துளையுள்ள ஒரு வட்டையும், காலியாக மூடுவதற்கென்று பிளவுள்ள ஒரு வட்டையும் அடுக்குவது நல்லது. வேலைகளைப் பிரித்துக்கொடுத்தால் இரண்டும் தத்தம் வேலையைச் செவ்வனே செய்யும். சுருக்குப் பையின் வாயைப்போல முறுக்கி மூடும் வால்வுகளும், மூடியைத் திருகி இறுக்கும் டூஹி-போர்ஸ்ட் வகையும் உண்டு. அவை எவ்வளவு இறுக்குவது என்பதை மருத்துவரின் கையில் விட்டுவிடுகின்றன.

வட்டை மட்டும் வடிவமைத்து, அதைத் தாங்கும் மூடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் நான் அதிகம் கண்ட தவறு. ரப்பர் அமுங்கிச் சுருங்குவதில்லை. ஓரிடத்தில் அழுத்தினால் வேறிடத்துக்கு நகரும். மூடி வட்டின் விளிம்பை அழுத்தும்போது ரப்பர் மையத்தை நோக்கி நகர்ந்து பிளவை இறுக மூடுகிறது. அதே அழுத்தம் மிகுந்தால் மையம் குமிழாகப் புடைத்து, ஒரு முகத்தில் பிளவு வாய்திறந்து நிற்கும். வட்டின் தடிப்பில் பத்து விழுக்காடு அழுத்தத்தோடு தொடங்கி, உருப்பெருக்கியின் கீழே பிளவைப் பார்த்தபடி கூட்டிக் குறைப்பது என் வழக்கம். மூடியை ஒலியலைப் பற்றவைப்பால் ஒட்டுவதானால், உருகும் ஆழம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும்; அந்த மாற்றம் அப்படியே வட்டின் மீதான அழுத்தத்தில் தெரியும். எனவே மூடி ஓரளவுக்குமேல் இறங்காமல் தடுக்கும் படி ஒன்றைப் பிளாஸ்டிக்கிலேயே அமைத்துவிடுங்கள்.

பிளவை இடும் கத்தியையும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். எங்கள் கருவிக்கூடத்தில் இருந்த அண்ணன் ஒருவர், வட்டு கசிகிறது என்று நாங்கள் வரைபடத்தோடு போய் நின்றால், “தம்பி, படத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் கத்தியைக் கொண்டு வாங்க” என்பார். மழுங்கிய கத்தி ரப்பரை வெட்டுவதற்கு முன் தள்ளிச் செல்வதால், பிளவு நேராக விழாமல் வளைகிறது. உதடுகளில் பிசிறு நிற்கிறது. அந்தப் பிசிறு உதிர்ந்தால் போய்ச்சேரும் இடம் நோயாளியின் இரத்தம். எத்தனை வெட்டுக்கு ஒருமுறை கத்தியை மாற்றுவது என்பதைச் சோதித்துக் கண்டறிந்து, உற்பத்திக் குறிப்பில் எண்ணாகவே எழுதிவைக்க வேண்டும்.

சிலிகானைத் தேர்ந்தெடுக்கும்போது கடினத்தை மட்டும் பார்க்காமல், நெடுநேரம் விரிந்திருந்த பின் எவ்வளவு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதையும் பாருங்கள். உராய்வைக் குறைக்கச் சாதாரண சிலிகான் எண்ணெயைத் தடவுவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் ஒரே குடும்பத்துப் பொருள் என்பதால் சிலிகான் ரப்பர் அந்த எண்ணெயை உறிஞ்சி ஊதிவிடும், அளவுகள் மாறும், மேற்பரப்பும் விரைவில் வறண்டுபோகும். புளூரோசிலிகான் எண்ணெய் அவ்வாறு ஊறுவதில்லை.

இன்னொன்றை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். முன்பு நான் வேலைபார்த்த ஓர் இடத்தில், பிளவு இட்ட அன்றே வட்டுகளைச் சோதித்து, எல்லாம் தேறின என்று எழுதினோம். எத்திலீன் ஆக்சைடு கிருமிநீக்கம் முடிந்து, சில வாரங்கள் பெட்டியில் இருந்த பிறகு எடுத்துப் பார்த்தபோது, பிளவின் உதடுகள் பல வட்டுகளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. டைலேட்டரை அழுத்தியதும் ஒட்டிய இடம் பிரியாமல், பிளவின் முனை பக்கவாட்டில் கிழிந்தது. புதிதாக வெட்டிய சிலிகான் முகங்கள் நெருங்கி அழுந்திக் கிடந்தால் மீண்டும் ஒட்டும் இயல்புடையவை என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. சோதனைத் திட்டத்தில் அதற்கு இடம் வைக்காமல் விட்டோம். காமாக் கதிரால் கிருமிநீக்கம் செய்தால் ரப்பரின் கடினமும் கூடும். ஆகவே கிருமிநீக்கமும், பெட்டியில் நெடுநாள் இருந்த நிலையை வரவழைக்கும் முதுமையாக்கலும் முடிந்த வட்டுகளையே சோதனை மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

இன்ட்ரோடியூசர்களுக்கான ஐஎஸ்ஓ 11070 தரநிலை, வால்வின் கசிவை 38 கிலோபாஸ்கல் நீரழுத்தத்தில் 30 வினாடி சோதிக்கச் சொல்கிறது. அது ஏறத்தாழ 285 மில்லிமீட்டர் பாதரச அளவு. உயர் இரத்த அழுத்தமுள்ள நோயாளியின் தமனியையும் தாண்டிய அளவு. அந்தச் சோதனை கட்டாயம் தேற வேண்டும். சுகாதார அறிவியல் ஆணையத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது அதன் அறிக்கை தேவைப்படும். ஆனால் அறுவை மேசையில் நடப்பதை அது முழுதும் காட்டிவிடாது. அதனோடு நீங்களே சில சோதனைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீரை 37 பாகைக்குச் சூடாக்கி, அதில் நீல உணவுச்சாயம் கலந்துகொண்டால் ஒரு துளிகூட வெள்ளைத் துணியில் தப்பாது. கதீட்டரைச் செருகி, அதை ஒரு பக்கமாகச் சாய்த்து, மருத்துவரின் கை ஓய்ந்து அமர்ந்திருப்பதுபோலப் பத்து நிமிடம் விடுங்கள். கம்பி மட்டும் இருக்கும் நிலையைத் தனியாகப் பாருங்கள். அனுமதிக்கும் மிகப் பெரிய கருவியை ஒரு சிகிச்சை நடக்கும் நேரம் முழுவதும் உள்ளேயே விட்டுவைத்து, பிறகு விரைவாக உருவுங்கள். சிரைக்கான வால்வென்றால், உள்பக்கம் சிறிது உறிஞ்சு அழுத்தம் கொடுத்து, வெளிவாயின் மேல் ஒரு சொட்டுச் சாயநீரை வைத்து, அது உள்ளே இழுக்கப்படுகிறதா என்று கவனியுங்கள்.

உருவும்போது கண் முழுவதும் வட்டின் மேல் இருக்க வேண்டும். டைலேட்டரின் கூரிய முனை வெளியேறும்போது உதடுகள் அதோடு சேர்ந்து வெளிப்பக்கம் பிதுங்கும், பிறகு பின்வாங்கும். சில வட்டுகளில் ஒரு மடல் மட்டும் பிதுங்கிய நிலையிலேயே நின்றுவிடுவதைக் காணலாம். படச்சட்டங்களை வேகமாகப் பதிவுசெய்யும் கேமராவில் அதைப் பிடித்து, மடல் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தையும், அதற்குள் விழுந்த துளிகளையும் ஒவ்வொரு வட்டுக்கும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். சராசரியை மட்டும் எழுதாதீர்கள். மிக மெதுவாக மூடிய வட்டைத் தனியே எடுத்து, குறுக்காக வெட்டி, உருப்பெருக்கியின் கீழே பிளவின் பாதையைப் பாருங்கள்.