“படிச்சியா?” என்று கேட்காமல் பத்தாவது பிள்ளைக்கு உதவுவது எப்படி?

அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரி பிறந்தால் போதும், பத்தாவது பிள்ளை இருக்கிற வீட்டில் டிவி சத்தம் குறைந்துவிடும். திருப்புதல் தேர்வுகள், அறிவியல் செய்முறைத் தேர்வு என்று வரிசையாக வந்து, அப்புறம் பொதுத்தேர்வு. இந்த மாதங்களில் நாம் ஓயாமல் கேட்கிற கேள்வி “படிச்சியா?”. பிள்ளை சொல்கிற பதில் “படிச்சிட்டேன்”. இந்தக் கேள்வியாலும் பதிலாலும் யாருக்கும் ஒரு காசு பிரயோஜனம் இல்லை.

மூத்தவள் பத்தாவது படித்தபோது நான் இதைத்தான் செய்தேன். ராத்திரி பதினோரு மணி வரை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், அவள் புத்தகத்தைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். முதல் திருப்புதலில் சமூக அறிவியல் ஐந்து மதிப்பெண் வினாக்களில் பாதியை எழுதாமலே வந்து நின்றாள். “எல்லாம் படிச்சதுதான்ம்மா, எழுத உட்கார்ந்தா வரலை” என்று அழுதாள். அன்றைக்கு அவளைத் திட்டவும் செய்தேன், மறைப்பானேன். இளையவன் பத்தாவதுக்கு வந்தபோது வேறு மாதிரி செய்தோம், அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இதற்கு நமக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு இருபடிச் சமன்பாடெல்லாம் என்றைக்கோ மறந்துபோய்விட்டது.

படி 1: வினாத்தாளை முதலில் நீங்கள் பாருங்கள்

மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம், மொத்தம் 500 மதிப்பெண். இது எல்லோருக்கும் தெரியும். வினாத்தாள் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பெற்றோரைக் கேட்டால்தான் பலர் முழிப்போம். கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள், ஐந்து மதிப்பெண்ணும் அதேபோல் 14-ல் 10, கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு. அந்த இரண்டும் வரைபடமும் வடிவியலும்தான், மொத்தம் 16 மதிப்பெண். அளவுகோலும் காம்பஸும் வைத்துப் பழகிய பிள்ளைக்கு அது கைக்கெட்டின பழம். தேர்ச்சிக்கே 35 போதும் என்கிற இடத்தில் 16 என்பது எவ்வளவு என்று பாருங்கள். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25.

பழைய வினாத்தாள் ஒன்றை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பிள்ளையோடு உட்கார்ந்து பென்சிலால் மூன்று குறி போடுங்கள்: தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன், கொஞ்சம் பார்த்தால் வரும், சுத்தமாகத் தெரியாது. திட்டக் கூடாது, முகத்தைச் சுளிக்கவும் கூடாது. சுளித்தால் அடுத்த தாளில் எல்லாமே “வரும்” ஆகிவிடும்.

படி 2: கால அட்டவணையை அவன் போடட்டும், நீங்கள் குறையுங்கள்

பிள்ளைகள் போடுகிற அட்டவணை காலை நாலு மணிக்குத் தொடங்கி ராத்திரி பன்னிரண்டில் முடியும். முதல் நாள் நடக்கும், மூன்றாம் நாள் அட்டவணை கட்டிலுக்கு அடியில் கிடக்கும். நம் வேலை அதில் பாதியை அடிப்பது. பள்ளியில் மாலைச் சிறப்பு வகுப்பு முடித்து ஆறரைக்கு வருகிற பிள்ளைக்கு வார நாளில் உருப்படியாகக் கிடைப்பது இரண்டரை மணி நேரம், மிஞ்சினால் மூன்று. அதில் ஒரே பாடத்தை முழுக்க வைக்காமல் இரண்டு பாடமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். “தெரியாது” குறி போட்ட பகுதி முதலில், அன்றைக்குச் சோர்வாக இருந்தால் ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டும். ஞாயிறு மாலை காலியாகவே இருக்கட்டும், வாரத்தில் விட்டுப்போனதை அங்கே தள்ளிக்கொள்ளலாம்.

படி 3: புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், ஏனென்றால் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறதே. மூடிவிட்டுச் சொல்லிப் பார்க்கும்போதுதான் எது உள்ளே போயிருக்கிறது, எது போகவில்லை என்று தெரியும். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள்தான் கொஞ்சம் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்திலா வருகிறது?

எங்கள் வீட்டில் நடந்தது இப்படி. நான் கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டே, ஒரு கையில் அவன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடத்தின் பின்பக்க வினாக்களை ஒவ்வொன்றாகக் கேட்பேன். சரியா தப்பா என்று பார்க்க எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். தமிழில் மனப்பாடப் பகுதி இதற்கென்றே செய்தது மாதிரி: அடிபிறழாமல் எழுத வேண்டும் என்பதால் நாம் வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வரலாம். ஒருநாள் செய்யுளை மடமடவென்று ஒப்பித்தவனை “சரி, இப்ப எழுதிக் காட்டு” என்றேன். நாலு வரியில் மூன்று ஒற்றுப் பிழை, ஒரு இடத்தில் ‘ற’வுக்கு ‘ர’. வாயில் வந்தது கையில் வரவில்லை. அன்றிலிருந்து சொல்வது, எழுதுவது இரண்டும்.

தப்பாகச் சொன்னால் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். பத்து விநாடி காத்திருங்கள், முதல் எழுத்தை மட்டும் கொடுங்கள். வராத வினாவின் எண்ணைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்து, இரண்டு நாள் கழித்து அதையே கேளுங்கள், வந்தால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. என் பையனுக்கு அந்தக் காலண்டர் தாள் என்றாலே எரிச்சல், ஆனாலும் பிப்ரவரி கடைசியில் அதில் எண்கள் குறைந்துகொண்டே வருவதை அவனே எண்ணிப் பார்த்தான்.

படி 4: ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுத் தேர்வு

காலை பத்து மணிக்கு வினாத்தாளைக் கொடுங்கள். பொதுத்தேர்வில் முதல் பத்து நிமிடம் வினாத்தாளை வாசிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பு விவரங்களுக்கு, 10.15-லிருந்து 1.15 வரை எழுத. அதே மாதிரி நடத்துங்கள். நடுவில் தண்ணீர் தரலாம், பேச்சு கூடாது. வீட்டில் மற்றவர்கள் அந்த மூன்று மணி நேரம் மிக்ஸி போடாமல் இருந்தால் புண்ணியம்.

நாம் பார்க்க வேண்டியது விடைகளை அல்ல, கடிகாரத்தை. எந்த வினாவுக்கு எப்போது வந்தான் என்று ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு கணக்குத் தேர்வில் என் பையன் ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கோடு இருபத்தைந்து நிமிடம் மல்லுக்கட்டினான். வரைபடத்துக்கு வரும்போது மணி ஒன்று ஐந்து. அவசரத்தில் புள்ளிகளைச் சரியாகக் குறித்து அழகாக வளைவரை போட்டவன், அளவுத்திட்டத்தை எழுத மறந்துவிட்டான், வடிவியலில் உதவிப்படமும் இல்லை. நான் திருத்தவில்லை, நேரம் குறித்த தாளை மட்டும் அவன் முன்னால் வைத்தேன். அவனே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஒரு மார்க் முடிச்சதும் கிராஃபும் ஜியோமெட்ரியும் போட்டுடறேன்ம்மா” என்றான். அடுத்த தேர்வில் பன்னிரண்டே காலுக்குள் அந்தப் பதினாறும் முடிந்திருந்தது. கட்டாய வினா ஒன்று இரண்டு மதிப்பெண்ணிலும் ஒன்று ஐந்து மதிப்பெண்ணிலும் வரும், அவற்றை விட்டுவிட்டு வேறு எழுதுகிற தவறும் இந்த மாதிரி ஞாயிறுகளில்தான் பிடிபடும்.

படி 5: போன்

பிடுங்கி வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் ஆசிரியர் வினாத்தாள் அனுப்புகிறார், அதனால் முழுக்கத் தடை போட்டால் சண்டைதான் மிச்சம். அந்தக் குழுவை என் போனுக்கு மாற்றிக்கொண்டேன், தேவையானதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். படிக்கும் நேரத்தில் அவன் போன் சமையலறையில் அரிசி டப்பா மேல். என் போனும் அங்கேதான், அது முக்கியம். நாம் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே “படி” என்றால் அவர்கள் சிரிப்பார்கள்.

தூக்கத்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. பத்தரைக்கு விளக்கை அணையுங்கள், அவ்வளவுதான்.

படி 6: சொந்தக்காரர்களைச் சமாளிப்பது

“எவ்வளவு வாங்குவான்? எங்க அண்ணன் பொண்ணு போன வருஷம் 480” என்று போன் வரும். பிள்ளை பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும். “நல்லாப் படிக்கிறான் அத்தை, முடிஞ்சதும் வீட்டுக்கு வர்றோம்” என்பது என் பதில், ஸ்பீக்கரில் போட்டே சொல்வேன், அவன் கேட்கட்டும் என்று. பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினாலோ, தூங்காமல் புரண்டாலோ, “செத்துடலாம்போல இருக்கு” என்று விளையாட்டாகச் சொன்னாலும்கூட அன்றைக்குப் புத்தகத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், தனியாக விடாதீர்கள். 104-க்கு அழைத்தால் ஆலோசகரிடம் பேசலாம், பள்ளிக்கல்வித் துறையின் 14417-ம் இருக்கிறது. தவறினால் அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு என்பதைத் தேர்வுக்கு முன்பே, சாதாரணமாக, சாப்பிடும்போது சொல்லிவையுங்கள்.

படி 7: தேர்வு நாட்கள்

ஹால் டிக்கெட், ஒரே நிறத்தில் மூன்று பேனா, பென்சில், அளவுகோல், காம்பஸ் எல்லாம் முந்தின ராத்திரியே பையில். காலையில் புதிதாக எதையும் திறக்க வேண்டாம். சாப்பாடு வழக்கமான இட்லியோ தோசையோ, அன்றைக்கு என்று விசேஷமாகப் பூரி சுட்டு வயிற்றைக் கெடுக்காதீர்கள்.

திரும்பி வந்ததும் வினாத்தாளை வாங்கி விடை சரிபார்க்கிற பழக்கம் பாதி வீடுகளில் இருக்கிறது. எழுதியதை மாற்ற முடியாது, அடுத்த பாடம்தான் கெடும். மூத்தவளுக்கு அப்படிச் செய்துதான் அறிவியலுக்கு முந்தின இரண்டு நாளை அழுகையில் தொலைத்தோம். இளையவனுக்கு முதல் நாள் தேர்வு முடிந்து வந்ததும் ரசம் சாதமும் அப்பளமும் வைத்தேன், வினாத்தாளை வாங்கி மடித்து பீரோ மேல் போட்டேன். மற்ற நான்கு தாள்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தன. மே மாதம் ஒட்டடை அடிக்கும்போது ஐந்தும் தூசியோடு தலையில் விழுந்தன.