சால்டருக்குப் பதில் சில்வர் பசையா? முதலில் ஆம்பியரைப் பாருங்கள்

சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகாதவர்களுக்கும், சூடு காட்டவே கூடாத இடங்களுக்கும் மின்சாரம் கடத்தும் பசை நல்ல வசதிதான். கார் பின்கண்ணாடியில் மூடுபனியைச் சூட்டால் போக்கும் டீஃபாகரின் அறுந்த கோடு, அமுக்கினால் வேலை செய்யாத ரிமோட் பட்டன், பேட்டரி கசிந்து அரித்துப்போன ஸ்பிரிங் முனை என்று அது கைகொடுக்கும் வேலைகள் உண்டு. ஆனால் ட்யூபின் மேல் ‘கண்டக்டிவ்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்ததும் அதைக் கம்பிக்குச் சமமாக நினைத்துவிடுகிறார்கள். முக்கால்வாசித் தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

இந்தப் பசை என்பது எபாக்ஸி என்ற இறுகும் பிசினுக்குள்ளோ அக்ரிலிக் வார்னிஷுக்குள்ளோ நுண்ணிய வெள்ளிச் செதில்களைக் கலந்தது. எபாக்ஸி தனியாக மின்சாரத்தைக் கடத்தாது. செதிலும் செதிலும் தொடும் இடங்கள் வழியாகத்தான் மின்சாரம் தாவிப் போக வேண்டும். அதனால் நல்ல சில்வர் எபாக்ஸிக்கும்கூடச் செம்பைப் போல நூறு மடங்காவது மின்தடை இருக்கும். மலிவானவற்றில் இன்னும் அதிகம்.

இது எங்கே பிரச்சினை, எங்கே பிரச்சினையில்லை என்பதைச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். பசையின் மின்தடைத்திறன் 0.001 ஓம்-செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ.க்கு 5 மி.மீ. அளவுள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே 0.1 மி.மீ. கனத்தில் பூசி அழுத்தினால், அந்த ஒட்டின் தடை ஒரு மில்லி ஓமில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அதே பசையை 1 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. கனத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோடாக இழுத்தால் தடை 1 ஓம். அந்தக் கோட்டின் வழியாக 12 வோல்ட், 60 வாட் ஹெட்லைட்டை எரியவிட்டால் பல்பு மங்கும், கோட்டிலேயே பத்து வாட்டுக்கு மேல் சூடாக மாறும். சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அந்தக் கோடு எத்தனை நிமிடம் தாங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஆக, நெருக்கமாக ஒட்டிய இரண்டு பரப்புகளுக்கு நடுவே மெல்லிய படலமாக இருந்தால் பசை பிரமாதம். நீளமாக ஓடினால் அது ஒரு ஹீட்டர். சர்க்யூட் போர்டில் செம்புக் கோடு (ட்ராக்) எரிந்துபோயிருந்தால் அந்த இடம் முழுக்கப் பசையால் வரையாதீர்கள். மெல்லிய செம்புக் கம்பியைப் பாலமாக (ஜம்பர்) வைத்து, இரு முனைகளில் மட்டும் பசை தொடுங்கள். கூடவே, அந்த ட்ராக் ஏன் எரிந்தது என்றும் பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் ஒட்டினால் அடுத்து எரியப்போவது பசை.

தொடவே கூடாத இடங்கள்

230 வோல்ட் ஓடும் எதிலும் வேண்டாம். சுவிட்ச், பிளக், ஹோல்டர், அயர்ன் பாக்ஸ், கெய்சர், இன்டக்‌ஷன் அடுப்பு எல்லாமே இதில் அடக்கம். எர்த் கம்பியும்தான். “எர்த்தில் கரன்ட் ஓடாதே, பசை போதுமே” என்பார்கள். ஓடாதுதான், ஆனால் ஓட வேண்டிய அந்த ஒரு நொடியில் முழு வேகத்தில் ஓடி ஃப்யூஸையோ எம்சிபியையோ விழவைக்க வேண்டும். பசை ஒட்டு அந்த நொடியில் பிளந்தால் இயந்திரத்தின் உடம்பிலேயே கரன்ட் தங்கிவிடும்.

காரில் பேட்டரி முனை, ஸ்டார்ட்டர் கம்பி இரண்டும் கூடாது. கார் கிளம்பும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் பாதை அது. தளர்ந்த பேட்டரி முனைக்குத் தேவை சுத்தம் செய்வதும் ஸ்பேனரால் முறுக்குவதும்தான். ஏர்பேக், ஏபிஎஸ் சம்பந்தப்பட்ட கம்பிகளில் சால்டரே யோசித்துச் செய்ய வேண்டிய வேலை, பசை பேச்சுக்கே இடமில்லை. லித்தியம் செல்களில் தகடு ஒட்டவும் இது ஆகாது. அதற்கு ஸ்பாட் வெல்டிங் இருக்கிறது.

பின்கண்ணாடிக் கோடு

கடத்தும் பசைக்கென்றே அமைந்த வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் டீஃபாகரைத்தான் சொல்வேன். கண்ணாடியின் உள்பக்கம் தெரியும் பழுப்புக் கோடுகள் வெள்ளி கலந்த மசியை அச்சிட்டுச் சுட்டவை. சாமான் உரசியும், பிளேடால் ஸ்டிக்கர் சுரண்டியும் அறுந்துபோகும். 2012இல் உச்ச நீதிமன்றம் கருப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டபோது அவசர அவசரமாக ஃபிலிமை உரித்தவர்கள் பலர். பின்கண்ணாடியில் அதை வெடுக்கென்று உரித்தால் கோடும் கூடவே வந்துவிடும். சென்னை வெயிலில் யாரும் கவனிப்பதில்லை. ஐப்பசி மழையில் ஊட்டி ஏறும்போதுதான் கண்ணாடி நடுவே ஒரு பட்டை மட்டும் மூடுபனியாக நிற்பது தெரியும்.

இதில் முதல் தவறு, அறுந்த இடத்தைக் கண்ணால் தேடுவது. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. இன்ஜினை ஓடவிட்டு டீஃபாகரை ஆன் செய்யுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைக் கார் பாடியில் பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்பு முனையில் அலுமினியத் தாளைச் சுற்றிக் கோட்டின் மேல் மெல்ல நகர்த்துங்கள். தாள் சுற்றாவிட்டால் கூர்முனையே இன்னொரு கோட்டைக் கீறிவிடும். நல்ல கோட்டில் ஒரு ஓரத்தில் 12 வோல்ட், நடுவில் 6, மறு ஓரத்தில் பூஜ்யம் என்று சீராக இறங்கும். அறுந்த கோட்டில் 12 அப்படியே நின்று, ஒரு புள்ளியில் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். அந்தப் புள்ளிதான் இடம். மார்க்கரால் கண்ணாடியின் வெளிப்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, மலிவாகக் கிடைக்கிறதே என்று கிராஃபைட் மசியைப் பூசுவது. ஒரு கோட்டில் ஓடுவது சுமார் ஒரு ஆம்பியர், அதன் மொத்தத் தடையே பத்து ஓம் சுற்றித்தான். நடுவே நூற்றுக்கணக்கான ஓம் தடையைக் கொண்டுவந்து வைத்தால் கோடு அறுந்ததும் ஒட்டியதும் ஒன்றுதான். இங்கே வெள்ளி மசியே வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கோட்டின் மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, முறிவின் இரு பக்கமும் நல்ல கோட்டின் மேல் கொஞ்சம் ஏறும்படி பூசுங்கள். ஒரே பூச்சாகத் தடித்து அப்பாமல், காயவிட்டுக் காயவிட்டு இரண்டு மூன்று முறை. டேப்பை மசி முழுக்க இறுகுவதற்குள் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதோடு பூச்சும் உரியும். ஒரு நாள் முழுக்க டீஃபாகரை ஆன் செய்ய வேண்டாம்.

ஓரத்தில் கம்பி மாட்டும் தகடே பெயர்ந்து வந்திருந்தால் கதை வேறு. அத்தனை கோடுகளின் மின்சாரமும், பத்து இருபது ஆம்பியர், அந்த ஒரு தகட்டின் வழியாகத்தான் போகிறது. கம்பியின் இழுவையும் அதன் மேல்தான். மசி இங்கே தாங்காது. இரண்டு பாகம் கலக்கும் சில்வர் எபாக்ஸியை மெல்லியதாகத் தடவி, தகட்டை அழுத்தி, டேப்பால் கட்டிவையுங்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டினால் தகடு நிற்கும், கரன்ட் போகாது. நேரடியாக சால்டர் வைத்தால் கண்ணாடி விரிசல் விடலாம். பசை இறுகியபின் கம்பியைச் சாதாரண எபாக்ஸியால் பக்கத்திலேயே ஒட்டிவிட்டால் அதிர்வு ஒட்டின் மேல் வராது. காரில் செய்யும் எந்த ஒட்டுக்கும் இது பொருந்தும். வெள்ளியை இவ்வளவு அடைத்த எபாக்ஸி சாதாரண எபாக்ஸியை விடப் பலவீனமானது. பிடிமானத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ரிமோட்டும் மற்றதும்

ரிமோட், கார் சாவி பட்டன்களில் நிலைமை தலைகீழ். இங்கே மின்னோட்டம் அற்பம், சில நூறு ஓம் தடை இருந்தாலும் பட்டன் வேலை செய்யும். கிராஃபைட் மசியே போதும், வெள்ளி வீண் செலவு. அது சிலிக்கான் ரப்பரில் சரியாகப் பிடிக்கவும் செய்யாது. ரப்பருக்கென்றே விற்கும் கீபேட் மசியாகப் பார்த்து வாங்குங்கள். அதற்கு முன் போர்டையும் ரப்பரையும் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். பாதி ரிமோட்டுகளுக்கு அழுக்குதான் வியாதி.

கார் மீட்டரிலும் பழைய கால்குலேட்டரிலும் எண்கள் பாதி தெரியாமல் போனால், டிஸ்ப்ளேயின் ரிப்பன் ஓரத்தில் சில்வர் பசையை இழுத்துவிடுபவர்களும் உண்டு. அங்கே தலைமயிர் இடைவெளியில் டஜன் கணக்கில் ட்ராக்குகள். கம்பெனியில் போடும் ஒட்டுப்படலம் மேலிருந்து கீழே மட்டும் கடத்தும், பக்கவாட்டில் கடத்தாது. உங்கள் ட்யூபில் இருப்பது எல்லாத் திசையிலும் கடத்தும். பூசிய நொடியில் அத்தனையும் ஷார்ட்.

கடையில் பெயர் குழப்பமும் ஒன்று உண்டு. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகட்டுக்குத் தடவும் வெள்ளை பேஸ்ட் சூட்டைக் கடத்தும், மின்சாரத்தை அல்ல. எஃகுத்தூள் கலந்த எபாக்ஸிகளும் எம்-சீலும் பார்க்க உலோகம் போல இறுகினாலும் மின்சாரத்துக்குச் சுவர்தான்.

கலப்பதும் காய்வதும் அளப்பதும்

வெள்ளி கனமானது, டப்பாவின் அடியில் படிந்துவிடும். கிளறாமல் மேலாக எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது எபாக்ஸி, வெள்ளி அடியில் கிடக்கும். கலவை விகிதம் எடையிலா அளவிலா என்றும் படித்துவிடுங்கள், இரண்டும் ஒன்றல்ல. வெறுங்கையால் கலக்காதீர்கள், இறுகவைக்கும் பாகமான ஹார்டனர் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்தால் அது லேசில் போகாது.

ஈரமாக இருக்கும்போதே மீட்டரை வைத்து “கடத்தவே இல்லையே” என்று வழித்துப் போடுவது இன்னொரு அவசரம். எபாக்ஸி இறுகிச் சுருங்கும்போதுதான் செதில்கள் ஒன்றோடொன்று அழுந்தும். லேபிள் அனுமதித்தால், 65 டிகிரி சுற்றி மிதமான சூட்டில் இறுகவிட்டால் தடை இன்னும் குறையும்.

இறுகியபின் மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை நம்பாதீர்கள். பல மீட்டர்கள் 30, 50 ஓம் இருந்தாலே கத்தும். சரியான சோதனை, சாதனத்தை ஓடவிட்டு ஒட்டின் இரு பக்கமும் மீட்டரை வோல்ட்டில் வைத்துப் பார்ப்பது. 12 வோல்ட் வேலையில் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் ஒட்டு நன்று. அரை வோல்ட் காட்டினால், கூடவே விரலுக்குச் சூடும் தெரிந்தால், பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒன்று. ஈரக்காற்றில் வெள்ளி ஒட்டு ஈயம் பூசிய முனைகளில் நாளாக ஆகத் தடை ஏறும்; முனையை உப்புத்தாளால் தேய்த்துச் செம்பு தெரிந்தபின் ஒட்டுங்கள். டிசி மின்னழுத்தமும் ஈரமும் சேர்ந்தால் வெள்ளி பக்கத்து ட்ராக்கை நோக்கி நூல் விட்டு வளர்ந்து ஷார்ட் ஆக்கவும் கூடும். இறுகிய ஒட்டின் மேல் சாதாரண எபாக்ஸி ஒரு பூச்சு பூசினால் இரண்டு தொல்லையையும் நன்றாகத் தள்ளிப்போடலாம்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் ஒரு பாகமா, இரண்டு பாகமா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே ஊசிக்குழாயில் வரும் சில்வர் எபாக்ஸிகளில் பல, தொழிற்சாலைக்கானவை. உறைகுளிரில் வைத்திருந்து 120, 150 டிகிரி அடுப்பில் இறுக்க வேண்டியவை. அதைக் கார் கண்ணாடியில் பூசிவிட்டுக் காத்திருந்தால் ஒரு வாரம் ஆனாலும் கையில் ஒட்டும்.