போடி மெட்டு ஏறும் காருக்கு ஒரு தண்ணீர் பாட்டில்: அளந்து வாங்குவது எப்படி?

போடியிலிருந்து பூப்பாறை, மூணாறு பக்கம் காரில் போகிறவர்கள் இப்போது வீட்டிலிருந்தே தண்ணீர் எடுத்துப்போவதுதான் நல்லது. மூணாறு, தேக்கடி, வாகமண் போன்ற மலைச் சுற்றுலா இடங்களில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை 2025 அக்டோபர் 2 முதல் தடை செய்யச் சொல்லி கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சரி, ஒரு எவர்சில்வர் பாட்டில் வாங்கிவிடலாம் என்று பாத்திரக்கடைக்குப் போனால், எல்லாரும் கேட்பது விலையும் லிட்டரும்தான். காரில் அது எங்கே நிற்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. கப் ஹோல்டரில் நுழையாத பாட்டில் கடைசியில் சீட்டில் கிடக்கும். போடி மெட்டு மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் அது உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் முதலில் காரை அளப்போம், அப்புறம் கடைக்குப் போவோம்.

1. ஹோல்டரின் அடியை அளக்கவும்

பெரும்பாலான ஹோல்டர்கள் மேலே அகலமாகவும் கீழே போகப்போகக் குறுகியும் இருக்கும். மேல்விளிம்பை மட்டும் அளந்தால் ஏமாற்றம்தான். பாட்டில் பாதியிலேயே நின்றுவிடும். ஒரு கெட்டி அட்டையில் 7 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் வெட்டி உள்ளே இறக்கிப் பாருங்கள். அடிவரை போய்த் தட்டையாக உட்கார்ந்தால் 7.5 செ.மீ. வட்டம் ஒன்று வெட்டிப் பாருங்கள். போகவில்லை என்றால் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே வாருங்கள். பொதுவாக 6.5-க்கும் 7.5-க்கும் நடுவில்தான் விடை இருக்கும். ஹோல்டருக்குள் ரப்பர் நாக்குகள் இருந்தால் அவற்றை அழுத்திக்கொண்டே அளக்கவும். அப்படியே ஆழத்தையும் ஸ்கேல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆழம் குறைவான ஹோல்டரில் உயரமான பாட்டில் வளைவுக்கு வளைவு சாயும்.

2. கியரைப் போட்டுப் பார்க்கவும்

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சின்னக் கார்கள் நிறையவற்றில் ஹோல்டர் கியர் லீவருக்கு முன்னால் இருக்கும். வழக்கமான ஐந்து கியர் காரில் முதல், மூன்றாவது, ஐந்தாவது கியர்கள் முன்பக்கம் தள்ளிப் போடுபவை. அங்கே உயரமான பாட்டில் நின்றால் கை அதில் இடிக்கும். மலைச்சாலையில் இரண்டுக்கும் மூன்றுக்கும் மாறி மாறிக் கை போய்க்கொண்டே இருக்கும். ஆகவே இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஹோல்டரில் ஏதாவது ஒரு பழைய பாட்டிலை நிறுத்தி எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். கை இடிக்காத உயரம் எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஏசி காற்று வரும் இடத்தையும் எச்சரிக்கை விளக்குப் பொத்தானையும் பாட்டில் மறைக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

3. இன்ச் டேப்போடு கடைக்குப் போகவும்

தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். பாட்டிலின் அடிப்பகுதியைச் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். சுற்றளவு 22 செ.மீ. என்றால் விட்டம் 7, 23.5 என்றால் ஏறத்தாழ 7.5. ஹோல்டரைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக இருப்பதுதான் சரியான பாட்டில். அதற்கு மேல் குறைந்தால் கடகடவென்று ஆடும். இணையத்தில் வாங்குவதானால் படத்தை நம்ப வேண்டாம், அடி விட்டம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லை என்றால் நான் வாங்க மாட்டேன்.

சூடு ஆறாமல் காக்கும் இரட்டைச் சுவர் பாட்டிலில் ஒரு லிட்டர் அளவு பெரும்பாலும் 8 செ.மீ.யைத் தாண்டிவிடும். ஹோல்டர் உங்களுக்கு முக்கியம் என்றால் 500 அல்லது 750 மி.லி.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒற்றைச் சுவர் பாட்டில் இன்னும் ஒல்லியாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் சீரகத் தண்ணீரைச் சூடாக ஊற்றினால் கையில் பிடிக்க முடியாது.

4. மூடி

ஓட்டுகிறவருக்கு ஒற்றைக் கையால் திறக்கிற மூடி வசதிதான். ஆனால் உறிஞ்சு குழாய் வைத்த மூடியில் ஒரு சங்கதி இருக்கிறது. மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். போடியைவிட அங்கே காற்றழுத்தம் சுமார் எட்டில் ஒரு பங்கு குறைவு. கீழே இறுக்கி மூடிய பாட்டிலுக்குள் சமவெளிக் காற்று அப்படியே அடைபட்டிருக்கும். மேலே போய்த் திறந்ததும் அந்தக் காற்று தண்ணீரை அழுத்தி, குழாய் வழியாகச் சட்டையில் பீய்ச்சிவிடும். பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து, குழாயைத் திறக்கும் முன் மூடியையே சற்றே திருகித் தளர்த்திக் காற்றை விட்டுவிட்டுக் குடித்தால் பிரச்சினை இல்லை. என்னைக் கேட்டால் மலைக்குத் திருகு மூடிதான். ஓட்டுநருக்குத் தாகம் எடுத்தால் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தட்டுமே!

5. உலோகம்

எஸ்.எஸ். 304 என்று அடியில் பொறித்திருந்தால் நல்லது. சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்த எஃகு அது. சிலர் 18/8 என்றும் எழுதுவார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். செம்பு பாட்டில் தண்ணீருக்கு மட்டும். எலுமிச்சைச் சாறு, மோர் போன்ற புளிப்பு எதையும் அதில் ஊற்றக் கூடாது. வெயிலில் நிறுத்தும் காருக்குக் கடைத்தண்ணீர் வந்த பழைய பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்பத் திரும்ப நிரப்புவதும் வேண்டாம்.

இரட்டைச் சுவர் பாட்டில் வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் கொதிநீரை ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கழுத்து ஓரம் லேசாகச் சுடலாம். பாட்டிலின் நடுப்பகுதியும் சுட்டால் இரண்டு சுவருக்கும் நடுவிலுள்ள வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம், பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஏற்கெனவே பெரிய பாட்டில் இருந்தால்

ஹோல்டரில் செருகி மேலே அகலப்படுத்தும் அடாப்டர் விற்கிறார்கள். அதன் அடியைத் திருகி விரித்து ஹோல்டரில் இறுக்க வேண்டும். சமவெளிக்குப் பரவாயில்லை. ஆனால் அது பாட்டிலை இன்னும் உயரத்தில் தூக்கி வைப்பதால் கியர் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். அதைவிட முன்கதவுப் பையில் வைப்பது மேல். ஒரு லிட்டர் பாட்டிலுக்கு அங்கே இடம் இருக்கும் கார்கள் நிறைய உண்டு. சாய்ந்தே கிடக்கும் என்பதால் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை அந்த வளையத்தைக் கழற்றிக் கழுவவும், நாற்றம் பெரும்பாலும் அதற்கு அடியிலிருந்துதான் வருகிறது.